ஆறாம் இயல்: ஸ்லோ குக்கரில் ஆப்பிள் பட்டர்

ஆப்பிள் பட்டர் என்ற பெயரில் பட்டர் இருந்தாலும் அதில் வெண்ணெயோ பாலோ ஒரு துளியும் சேர்வதில்லை; ஆப்பிளைத் தோலும் விதையும் நீக்கிச் சிறிதளவு சாற்றில் வேகவைத்து, மசித்து, அந்த மசியலின் நீர் வற்றிப் பழுப்பேறி, ரொட்டியின்மீது வெண்ணெயைப் போலத் தடவ வரும் பதம் எட்டும்வரை சுண்டக் காய்ச்சினால் கிடைப்பதே ஆப்பிள் பட்டர் எனப்படுகிறது. பழ ஜாமிலிருந்து இது அடிப்படையிலேயே வேறுபட்டது. பழத்தின் செல்சுவர்களைப் பிணைத்து வைத்திருக்கும் பசைப்பொருளான பெக்டின், மிகுந்த சர்க்கரையோடும் புளிப்போடும் கூடும்போது வலைபோலப் பின்னி உறைவதால் ஜாம் கெட்டிப்படுகிறது. ஆப்பிள் பட்டரோ உறைவதில்லை, வற்றுகிறது. ஆகவே ஜாமுக்குத் தேவைப்படும் அளவுச் சர்க்கரை இதற்கு வேண்டியதில்லை, வேண்டியது நேரம் மட்டுமே. விற்பனைக்கு வரும் பழ பட்டர்களுக்கு அமெரிக்க அரசு வகுத்துள்ள தரவிதி, இறுதிப் பண்டத்தில் கரையும் திடப்பொருள், அதாவது சர்க்கரையும் அமிலமும் போல நீரில் கரைந்து நிற்பவை, 43 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்கிறது. வீட்டில் செய்பவர் இந்த எண்ணை அளந்து பார்க்கப்போவதில்லை என்றாலும், பழத்தில் ஏறத்தாழ 85 பங்கு நீர் இருக்கும் நிலையிலிருந்து சரிபாதிக்குச் சற்று மேலே மட்டும் நீர் நிற்கும் நிலைக்குக் கொண்டுவருவதுதான் வேலை என்ற அளவில் இதை மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது.

இப்பண்டத்தின் வேர் ஐரோப்பாவில் இருக்கிறது. பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் ஜெர்மனியின் ரைன் ஆற்றங்கரையிலும் ஆப்பிள், பேரிக்காய் ஆகியவற்றைக் கருநிறப் பாகாகக் காய்ச்சி வைக்கும் வழக்கம் பழமையானது. ஆங்கிலக் கால்வாயிலுள்ள ஜெர்சி தீவில் அதிமதுரமும் எலுமிச்சையும் சேர்த்து இரவு முழுவதும் ஊரார் முறைவைத்துக் கிளறிக் காய்ச்சும் பண்டத்துக்குக் ‘கறுப்பு வெண்ணெய்’ என்றே பெயர். 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மன் மொழியினர் இத்தகைய பண்டத்தை அங்கே நிலைபெறச் செய்தனர். அவர்களைப் ‘பென்சில்வேனியா டச்சுக்காரர்’ என்று அழைப்பது வழக்கமெனினும், அதிலுள்ள ‘டச்சு’ நெதர்லாந்தைக் குறிப்பதன்று, ஜெர்மன் என்று பொருள்படும் ‘டாய்ச்’ என்பதோடு உறவுடைய சொல். அவர்கள் ஆப்பிள் பட்டரை ‘லாட்வாரிக்’ என்றனர். இந்தச் சொல்லின் வழி தமிழ் வாசகருக்குச் சுவையானது: மருந்துப் பொடியைத் தேனிலோ பாகிலோ குழைத்து நக்கி உண்ணக் கொடுத்த பசைமருந்தை லத்தீனில் ‘எலெக்டுவாரியம்’ என்பர், அது ஜெர்மனில் ‘லாட்வெர்கெ’ ஆகி, பென்சில்வேனியாவில் லாட்வாரிக் ஆயிற்று. அந்த லத்தீன் சொல் நக்குதலைக் குறிக்கும் கிரேக்க வினையோடு தொடர்புடையது. நக்குதலைக் குறிக்கும் வடமொழி ‘லிஹ்’ என்பதிலிருந்து பிறந்ததே தமிழில் வழங்கும் லேகியம். இரு சொற்களும் தொலைதூரத்து உடன்பிறப்புகள் என்பது ஒருபுறமிருக்க, தீபாவளி லேகியம் கிளறிப் பழகிய கைக்கு ஆப்பிள் பட்டரின் பதம் எளிதில் பிடிபட்டுவிடும் என்பதே இங்கு நடைமுறைப் பயன்.

பழைய முறை ஒரு நாள் முழுவதையும் விழுங்கியது. அறுவடை முடியும் இலையுதிர்காலத்தில், முந்தைய நாள் மாலையே அக்கம்பக்கத்தார் கூடி ஆப்பிளைத் தோல் சீவித் துண்டுபோடுவர். அத்துண்டுக்கு ‘ஷ்னிட்ஸ்’ என்று பெயர். மறுநாள் விடியுமுன் பெரிய செப்புக் கொப்பரையில் ஆப்பிள் சாற்றை ஊற்றிப் பாதியாகச் சுண்டவைத்து, அதில் துண்டுகளைச் சிறிது சிறிதாகப் போட்டு, நெருப்புக்கு எட்ட நின்று துழாவ வசதியாக நீண்ட காம்பும் அதன் நுனியில் செங்குத்தாகப் பொருத்திய துளையிட்ட பலகையும் கொண்ட துடுப்பால் நிறுத்தாமல் கிளறிக்கொண்டே இருப்பர். மேற்கு வர்ஜீனியாவின் பெர்க்லி ஸ்பிரிங்ஸ் ஊரில் ஆண்டுதோறும் அக்டோபரில் நடக்கும் ஆப்பிள் பட்டர் திருவிழாவில் இந்தக் கொப்பரைகளை இன்றும் காணலாம். அடிப்பிடிக்காமல் இருக்கச் செப்புக் காசுகளைக் கொப்பரையின் அடியில் போட்டுத் துடுப்பால் உருட்டிக்கொண்டிருக்கும் பழக்கமும் இருந்தது. ஆள்பலமும் விறகும் பொறுமையும் கேட்ட இந்த வேலையை அடுப்படி மூலையில் தானாக நடக்கவிடும் கருவியே ஸ்லோ குக்கர்.

கருவியும் அதன் முரணும்

ஸ்லோ குக்கர் என்பது உலோகக் கூட்டுக்குள் அமரும் மெருகிட்ட பீங்கான் பானை. கூட்டின் பக்கச் சுவரைச் சுற்றி ஓடும் மின்கம்பிச் சுருள் அப்பானையைப் பக்கவாட்டில் மெல்லச் சூடேற்ற, கனத்த கண்ணாடி மூடி மேலே படிந்திருக்கும். இர்விங் நாக்ஸன் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1940இல் காப்புரிமை பெற்ற மின்பானையிலிருந்து வளர்ந்த இக்கருவி, 1971இல் ‘கிராக்பாட்’ என்ற பெயரில் கடைக்கு வந்து அமெரிக்க வீடுகளில் பரவியது. தம் தாயார் சொன்ன, லித்துவேனியாவின் வில்னியஸ் நகரத்து யூதர்கள் ஓய்வுநாளுக்கென முந்தைய மாலையே ரொட்டிக்கடை அடுப்பின் கணப்பில் விட்டுவைத்த பானை உணவே அவருக்குத் தூண்டுதல் என்பர்.

இக்கருவியின் ‘லோ’, ‘ஹை’ என்னும் இரண்டு நிலைகளும் வெவ்வேறு வெப்பநிலைகள் என்று பலரும் எண்ணுவது தவறு. பெரும்பாலான கருவிகளில் இரண்டும் இறுதியில் கொதிநிலைக்குச் சற்றுக் கீழான அதே வெப்பத்தைத்தான் எட்டுகின்றன. ஹையில் மூன்று நான்கு மணி நேரத்திலும் லோவில் ஏழெட்டு மணி நேரத்திலும் எட்டுகின்றன என்பதே வேறுபாடு. அதைவிட முதன்மையான செய்தி மூடியைப் பற்றியது. எழும் ஆவி மூடியில் பட்டுக் குளிர்ந்து நீர்த்துளியாகிப் பானைக்கே திரும்புகிறது. மூடியின் விளிம்பில் தங்கும் நீர் இடைவெளியையும் அடைத்துவிடுகிறது. இறைச்சியையும் பயற்றையும் நாள்முழுவதும் வைத்தாலும் வற்றாமல் காக்க வேண்டும் என்பதற்காகவே இவ்வாறு அமைக்கப்பட்டது. நீரை வெளியேவிடக் கூடாது என்று செய்யப்பட்ட பாத்திரத்தில், நீரை வெளியேற்றுவதையே வேலையாகக் கொண்ட பண்டத்தைச் செய்யப் புகுவதுதான் இந்த இயலின் மையச் சிக்கல். இதைக் கருதாமல் ‘லோவில் பத்து மணி நேரம் வைத்தால் ஆப்பிள் பட்டர் ஆகிவிடும்’ என்று எழுதிவிடும் குறிப்புகளை நம்பிச் செய்தவருக்குக் காலையில் கிடைப்பது மணமுள்ள ஆப்பிள் கஞ்சி.

அப்படியானால் மூடியைத் தொடக்கத்திலேயே எடுத்துவிடலாமே என்று தோன்றும். அதுவும் சரியாகாது, ஏனெனில் இப்பண்டத்துக்கு வற்றுதல் ஒரு பாதியென்றால் பழுப்பேறுதல் மறுபாதி. ஆப்பிளில் மிகுதியாக உள்ள பழச்சர்க்கரை, அதாவது ஃபிரக்டோஸ், நேரடியாகக் கருகிப் பாகாகும் நிலைக்கு 110 பாகை செல்சியஸ் அளவு சூடு வேண்டும். நீர் நிறைந்த மசியல் 100 பாகையைத் தாண்டாது. ஆகவே நிறமும் ஆழ்ந்த சுவையும் பெரும்பாலும் வேறொரு வழியில் வருகின்றன: பழத்திலுள்ள சிறிதளவு அமினோ அமிலங்களும் சர்க்கரையும் மெல்ல மெல்லச் சேர்ந்து பழுப்புப் பொருள்களையும் மணப்பொருள்களையும் உண்டாக்கும் வினை அது. பிரெஞ்சு வேதியியலாளர் மெயார் பெயரால் வழங்கும் இந்த வினை கொதிநிலைக்குக் கீழும் நடக்கும், ஆனால் மணிக்கணக்கில் நடக்கும். அடுப்பில் வேகமாக வற்றவைத்த ஆப்பிள் பட்டர் வெளிறியும் தட்டையான சுவையோடும் இருப்பதற்கு இந்நேரம் கிடைக்காததே காரணம். எனவே இரவில் மூடி வைத்துப் பழுப்பேற்றுவது, காலையில் திறந்து வைத்து வற்றவைப்பது என்ற இரு கட்டப் பகுப்பே இங்கு பரிந்துரைக்கப்படுகிறது.

பழம்

ஒரே இனத்தை மட்டும் கொண்டு செய்வதைவிட, புளிப்பானதும் இனிப்பானதுமான இரண்டு மூன்று இனங்களைக் கலந்து செய்வது சிறக்கும். அமெரிக்காவில் ஜோனதன், வைன்சாப், ஸ்டேமன், மெக்கின்டாஷ், கோல்டன் டெலிஷியஸ் ஆகியவை இதற்கென்றே பெயர்பெற்றவை. மாவுபோல எளிதில் குழையும் மெக்கின்டாஷோடு புளிப்பான ஜோனதன் சேர்ந்தால் சர்க்கரையே குறைவாகத்தான் தேவைப்படும். கனடாவிலும் அமெரிக்காவிலும் வாழும் தமிழர்கள் செப்டம்பர், அக்டோபரில் பழத்தோட்டங்களில் அடிபட்ட பழங்களை மலிவாக வாங்கிக்கொள்ளலாம். கன்றிய இடத்தை வெட்டி நீக்கிவிட்டால் அப்பழங்களால் குறையொன்றும் இல்லை. ஆனால் பூஞ்சை பிடித்தோ உள்ளே அழுகியோ இருக்கும் பழத்தை முழுவதுமாக ஒதுக்கிவிட வேண்டும், ஏனெனில் பூஞ்சை சுரக்கும் நஞ்சு கொதிக்கவைப்பதால் முழுதும் அழிவதில்லை.

இந்தியச் சந்தையில் ‘சிம்லா ஆப்பிள்’, ‘காஷ்மீர் ஆப்பிள்’ என்று விற்பவற்றில் பெரும்பகுதி டெலிஷியஸ் குடும்பத்தைச் சேர்ந்தவை. இமாசலத்தில் அக்குடும்பம் பரவியதற்குக் காரணமானவர், ஆப்பிள் பட்டர் நிலைபெற்ற பென்சில்வேனியாவின் பிலடெல்பியாவில் பிறந்து, 1904இல் இந்தியாவுக்கு வந்து, பின்னர் சத்தியானந்தர் என்று பெயர் மாற்றிக்கொண்ட சாமுவேல் ஸ்டோக்ஸ். கோட்கட் பகுதியில் அவர் நட்ட அமெரிக்க ரெட் டெலிஷியஸ் கன்றுகளிலிருந்துதான் அந்த மலைப்பகுதியின் ஆப்பிள் வணிகம் தழைத்தது. கடித்துத் தின்ன இனிக்கும் ரெட் டெலிஷியஸ் ஆப்பிள் பட்டருக்கு முதல் தரமான பழம் அன்று. அதன் புளிப்பு குறைவு, தோல் கசப்பும் தடிப்பும் உடையது. அதையே பயன்படுத்த நேர்ந்தால் தோலைச் சீவிவிட்டு எலுமிச்சைச் சாற்றைக் கூட்ட வேண்டும். சந்தையில் கோல்டன் டெலிஷியஸ் என்ற மஞ்சள் ஆப்பிள் கிடைக்குமானால், நிறம் கவர்ச்சியாக இல்லையென்று அதைத் தள்ளிவிடாமல் பாதியளவேனும் சேர்த்துக்கொள்வதும், பச்சை நிறக் கிரானி ஸ்மித் நான்கைந்து போடுவதும் பலனை வெகுவாக மாற்றிவிடும். தோலோடு வேகவைத்துப் பின்னர் சல்லடையில் தேய்ப்பதா, சீவிவிட்டுத் தொடங்குவதா என்பதில் இருவேறு கருத்துகள் உண்டு. தோலிலும் நடுத்தண்டிலும் பெக்டின் மிகுதி என்பது உண்மைதான். ஆனால் தொலைதூரம் வரும் பழங்களின் தோலில் பளபளப்புக்காக மெழுகு பூசுவது வழக்கமாகிவிட்ட நிலையில், சீவிவிடுவதே தமிழ்நாட்டுச் சமையலறைக்குப் பொருந்தும்.

அளவும் முதற்கட்டமும்

ஆறு லிட்டர் பானைக்கு முழுப்பழமாக 3 கிலோ ஆப்பிள் சரியாக இருக்கும். தோலும் நடுத்தண்டும் போக இரண்டரைக் கிலோ தேறும் துண்டுகள் பானையை ஏறத்தாழ விளிம்புவரை நிறைத்தாலும், வேக வேகத் துவண்டு பாதிக்கு இறங்கிவிடும். இவற்றோடு 250 மில்லி ஆப்பிள் சாறும் நான்கு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறும் ஒரு சிட்டிகை உப்பும் போதும். அமெரிக்கச் செய்முறைகளில் ‘சைடர்’ என்று குறிக்கப்படுவது வடிகட்டாத, புளிக்காத ஆப்பிள் சாறு. பிரிட்டனில் அதே சொல் புளித்த மதுவைக் குறிக்கும் என்பதால், நூலைப் பார்த்துச் செய்பவர் அது எந்த நாட்டு நூல் என்பதைக் கவனித்துக்கொள்ள வேண்டும். சாறு கிடைக்காவிட்டால் வெறும் நீரே போதும், ஆனால் சேர்க்கும் நீரையெல்லாம் பின்னர் வற்றவைத்தாக வேண்டும் என்பதால் அது ஒரு குவளையைத் தாண்ட வேண்டியதில்லை.

துண்டுகள் ஓர் அங்குலத்துக்கு மிகாமல் ஒரே அளவாக இருப்பின் ஒருசேர வேகும். வெட்டிய பழம் காற்றுப் பட்டுப் பழுப்பாவதைப் பற்றிக் கவலைப்பட்டு உப்பு நீரில் போட்டுவைப்பது வேறு பண்டங்களுக்குத் தேவை, இதற்குத் தேவையில்லை, எப்படியும் பழுப்பாகப்போகும் பண்டம் இது. இரவு எட்டு மணியளவில் எல்லாவற்றையும் பானையிலிட்டு, ஒரு முறை புரட்டி, மூடி, லோவில் ஒன்பது பத்து மணி நேரம் விடவேண்டும். சர்க்கரையை இப்போதே சேர்ப்பது பலரின் வழக்கம். அதனால் நிறம் சற்றுக் கூடுதலாகக் கிடைக்கும் என்றாலும், பழம் வற்றும்போது அதன் சொந்த இனிப்பே இருமடங்காகச் செறியும் என்பதால், தொடக்கத்தில் ருசி பார்த்துச் சேர்த்த சர்க்கரை முடிவில் திகட்டிவிடும். சர்க்கரையை இரண்டாம் கட்டத்துக்கு ஒத்திவைப்பதே விவேகம்.

காலையில் மூடியைத் திறக்கும்போது துண்டுகள் வடிவம் குலையாமல் நிற்பதுபோலத் தோன்றினாலும் கரண்டி பட்டதும் சரிந்துவிடும். நிறம் வைக்கோல் மஞ்சளிலிருந்து ஊறவைத்த புதுப்புளியின் நிறத்துக்கு மாறியிருக்கும், பானையின் சுவரோரத்தில் மட்டும் சற்றே கறுத்த ஒரு வளையம் தெரியும். அந்த வளையத்தைச் சுரண்டி உள்ளே சேர்க்கவேண்டும், அதில்தான் சுவை செறிந்திருக்கிறது. பிறகு கைப்பிடி பிளெண்டர் இருந்தால் பானையிலேயே மசித்துவிடலாம். மிக்ஸியில் அரைப்பதானால் மசியலை ஆறவிட்டு, ஜாரைப் பாதிக்குமேல் நிரப்பாமல் அரைக்கவேண்டும். சூடான மசியலை அடைத்து ஓட்டினால் ஆவி திடீரென விரிந்து மூடியைத் தூக்கியெறிந்து கையைப் பொசுக்கிவிடும்.

வற்றவைத்தல்

வெளியேற வேண்டிய நீரின் அளவைக் கணக்கிட்டுப் பார்ப்பது இக்கட்டத்தின் நேரத்தை விளங்கவைக்கும். இரண்டரைக் கிலோ பழத்துண்டு, சாறு, 350 கிராம் சர்க்கரை எல்லாம் சேர்ந்து தொடக்க எடை ஏறத்தாழ 3 கிலோ 100 கிராம். அவற்றிலுள்ள திடப்பொருள் முக்கால் கிலோ. தடவும் பதத்துக்கு வரும்போது மொத்த எடை 1 கிலோ 600 கிராம் அளவில் நிற்க வேண்டும். ஆக, ஒன்றரை லிட்டர் நீர் ஆவியாகிப் போக வேண்டும். சூடாக இருக்கும் அவ்வளவு நீரை ஆவியாக்கச் சற்றேறக்குறைய ஒரு யூனிட் மின்சாரம் செலவாகும். 250 வாட் கருவி ஒரு யூனிட்டை இழுக்க நான்கு மணி நேரம் ஆகும். கருவி தரும் சூட்டில் ஒரு பகுதி சுவர் வழியே வீணாவதால், நடைமுறையில் ஐந்திலிருந்து ஏழு மணி நேரம் என்று வைத்துக்கொள்வதே நேர்மையான கணக்கு. இதைவிட விரைவாக முடியும் என்று சொல்லும் குறிப்புகள் கூழைத்தான் பட்டர் என்கின்றன.

மசித்ததும் வெள்ளைச் சர்க்கரையும் பழுப்புச் சர்க்கரையும் சரிபாதியாக மொத்தம் 350 கிராம் சேர்த்து, கருவியை ஹைக்கு மாற்றி, மூடியை எடுத்துவிட வேண்டும். அமெரிக்கப் பழுப்புச் சர்க்கரை என்பது வெள்ளைச் சர்க்கரையில் கரும்புப் பாகைத் திரும்பக் கலந்தது. அதற்கு மாற்றாக நாட்டுச் சர்க்கரையைத் தயக்கமின்றிச் சேர்க்கலாம், ஆனால் வெல்லத்தை இடித்துப் போட்டால் அதன் சொந்த மணம் ஆப்பிளை அமுக்கிவிடும். திறந்த பானையில் மேற்பரப்பு ஆறிப்போய்க் கொதி நின்றுவிடும் கருவிகளும் உண்டு. அவற்றில் மூடியை முழுவதும் எடுக்காமல், பானையின் விளிம்பில் இரண்டு மரக்கரண்டிக் காம்புகளைக் குறுக்கே கிடத்தி அவற்றின்மேல் மூடியை வைத்தால், சூடும் தங்கும், ஆவியும் பக்கவாட்டில் வெளியேறும். மூடியின் அடியில் சேரும் நீரை அவ்வப்போது துணியால் துடைத்துவிட வேண்டும். துடைக்காமல் விட்ட நீரெல்லாம் மீண்டும் பானைக்குள்தான் சொட்டும்.

முதல் மூன்று மணி நேரம் அரைமணிக்கு ஒரு முறை கிளறினால் போதும், அடி அகன்ற தட்டையான மரத்துடுப்பு இதற்கு ஏற்றது. மசியல் கெட்டிப்படத் தொடங்கியதும் நிலைமை மாறுகிறது: குமிழிகள் சிறிதாக எழுவது நின்று, பெரிய கொப்புளங்கள் மெல்லப் புடைத்துப் ‘புளக்’கென்று உடைந்து தெறிக்கும், தெறித்தது கையில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும் என்பதால் பொரிக்கும்போது வாணலியை மூடும் கம்பிவலை மூடியைக் கவிழ்த்து வைப்பது பாதுகாப்பு. கடைசி ஒரு மணி நேரம் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை கிளற வேண்டும். வெப்பம் பக்கச் சுவரிலிருந்து வருவதால் அடியைவிட ஓரமே முதலில் பிடிக்கும் என்பதையும் கை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

மசாலாவை முதலிலேயே போடுவது நெடுங்காலத் தவறுகளில் ஒன்று. பட்டைக்கும் கிராம்புக்கும் மணம் தரும் எண்ணெய்கள் எளிதில் ஆவியாகும் இயல்புடையவை; பத்து மணி நேரம் வேகும்போது அவை வீட்டை மணக்கவைத்துவிட்டுப் பானையை விட்டு நீங்கிவிடுகின்றன, எஞ்சுவது கிராம்பின் மருந்துக் காரமும் கசப்பும்தான். முடிவதற்கு ஒரு மணி நேரம் முன்பாக, சலித்த பட்டைத்தூள் இரண்டு தேக்கரண்டி, கிராம்புத்தூள் கால் தேக்கரண்டி, துருவிய ஜாதிக்காய் கால் தேக்கரண்டி ஆகியவற்றைச் சேர்ப்பது அளவானது. சலிக்காத தூள் நாவில் மணல்போல நெருடும். அமெரிக்கக் கடைகளில் ‘சின்னமன்’ என்று விற்பது பெரும்பாலும் இந்தோனேசியா, வியட்நாம் பகுதிகளின் காரமான காசியாப் பட்டை. தமிழ்நாட்டு மளிகைக்கடைகளில் தடித்த சுருளாகக் கிடைப்பதும் அவ்வகையே. ஈழத்தவர் கறுவா என்று சொல்லும் இலங்கைப் பட்டை மென்மையான மணம் உடையது. அதைப் பயன்படுத்துபவர் அளவை அரை தேக்கரண்டி கூட்டிக்கொள்ளலாம்.

பதம்

பதம் பார்க்க இரண்டு வழிகள் நம்பத்தக்கவை. ஒன்று, ஒரு கரண்டி எடுத்து ஆவி படாமல் விலக்கி இரண்டு நிமிடம் பிடித்திருப்பது. மசியல் குவியலாகவே நின்றால் பதம் வந்துவிட்டது, சரிந்து வழிந்தால் வரவில்லை. மற்றொன்று, குளிர்ந்த பீங்கான் தட்டில் ஒரு சொட்டு வைத்துச் சற்றுநேரம் பார்ப்பது. பதம் வராத சொட்டைச் சுற்றி வெளிறிய நீர்வளையம் ஒன்று மெல்லக் கசிந்து பரவும்; அந்த வளையம் தோன்றாமல் விளிம்பு விளிம்பாகவே நிற்குமானால் பானையை நிறுத்திவிடலாம். பழகிய கைக்கு மூன்றாவதொரு அடையாளமும் போதும்: துடுப்பை அடியில் இழுத்ததும் தெரியும் பானையின் தரை உடனே மூடிக்கொள்ளாமல், அல்வாவில் தெரிவதுபோல ஓரிரு நொடி தெரிந்து பிறகு மெல்ல மூடும். ஆறினால் இன்னும் இறுகும் என்பதால், ரொட்டியில் தடவும் கெட்டித்தன்மை சூடாக இருக்கும்போதே வரும்வரை காத்திருப்பவர் மறுநாள் கத்தியால் வெட்டி எடுக்க நேரும். அப்படி ஆனாலும் கவலையில்லை, சூடான சாறு நான்கைந்து கரண்டி விட்டுக் கிளறினால் இளகிவிடும்.

பாட்டிலில் அடைத்தல்

மேலே தந்த அளவில் கால் லிட்டர் பாட்டில் ஐந்தாறு நிறையும். குளிர்பதனப் பெட்டியில் இரண்டு மூன்று வாரமும், உறைநிலைப் பெட்டியில் ஓராண்டும் தாங்கும்; உறையவைப்பதானால் விரிவதற்கு இடம்விட்டு நிரப்ப வேண்டும். பெரும்பாலான வீடுகளுக்கு இதுவே போதும்.

அலமாரியில் மாதக்கணக்கில் வைக்க விரும்புபவர் அமெரிக்க வேளாண் துறை சோதித்து வெளியிட்ட அளவையே பின்பற்ற வேண்டும், கைப்பக்குவத்துக்கு அங்கு இடமில்லை. போட்டுலிசம் என்னும் கொடிய நச்சுநோயை உண்டாக்கும் கிருமி, புளிப்பை அளக்கும் பி.எச். அளவு 4.6க்கு மேலே, அதாவது புளிப்புக் குறைந்த இடத்தில்தான், காற்றில்லாத பாட்டிலுக்குள் வளரும். ஆப்பிளின் பி.எச். பொதுவாக 3.3க்கும் 4க்கும் இடைப்பட்டது என்பதால் அது இயல்பாகவே பாதுகாப்பான பக்கத்தில் நிற்கிறது என்றாலும், அத்துறையின் செய்முறை 3 கிலோ 600 கிராம் ஆப்பிளுக்கு இரண்டு கோப்பை ஆப்பிள் சாறும், அதே அளவு, 5 சதவீதப் புளிப்புள்ள வினிகரும் சேர்க்கச் சொல்கிறது. கொதிநீரில் சுத்தம் செய்த பாட்டிலில் கொதிக்கும் சூட்டோடு மேலே கால் அங்குலம் இடைவெளி விட்டு நிரப்பி, விளிம்பைத் துடைத்து, புதிய மூடியிட்டு, பாட்டில் முழுவதும் மூழ்கும் கொதிநீரில் வைக்க வேண்டும். கால் லிட்டர், அரை லிட்டர் பாட்டில்களுக்குக் கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் அடிவரை 5 நிமிடமும், ஆறாயிரம் அடிவரை 10 நிமிடமும், அதற்கு மேல் 15 நிமிடமும் விதிக்கப்பட்டுள்ளன. உயரம் கூடக் கூட நீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடுவதுதான் இந்த வேறுபாட்டுக்குக் காரணம்; சென்னையில் 5 நிமிடம் போதுமானது பெங்களூரில் 10, உதகையிலும் கொடைக்கானலிலும் 15 ஆகிறது. ஆப்பிளுக்குச் சொன்ன இந்த முறையைப் பரங்கிக்காய்க்கு அப்படியே பொருத்திப் பாட்டிலில் அடைப்பது ஆபத்தானது: பரங்கியில் புளிப்பு இல்லை, அதன் கூழ் அடர்த்தியில் சூடு நடுவரை செல்லும் என்ற உறுதியும் இல்லை. பரங்கி பட்டரைக் குளிர்பதனப் பெட்டியில் மட்டுமே வைக்கலாம்.

பென்சில்வேனியாவில் ஆப்பிள் பட்டரை ரொட்டியில் தடவி அதன்மேல் உதிர்ந்த பாலாடைக்கட்டியைப் பரப்பி உண்பார்கள். இனிப்பும் புளித்த பாலும் சேரும் அந்தச் சுவைக்கு, கெட்டித் தயிரை வடிகட்டித் தடவிய சப்பாத்தி நெருங்கிய மாற்று. கேக் மாவில் எண்ணெயின் ஒரு பகுதிக்குப் பதிலாகவும் இதைச் சேர்க்கலாம்.

வேலை நடுவே கருகிய வாசம் எழுந்தால், பதற்றத்தில் அடியைச் சுரண்டிக் கிளறுவதுதான் செய்யக்கூடாதது. கருவியை நிறுத்தி, துடுப்பு தரையையும் சுவரையும் தொடாதபடி மேலுள்ள மசியலை மட்டும் வேறொரு பாத்திரத்துக்கு மொண்டு, ஒரு துளி ருசி பார்க்க வேண்டும். கசப்பு ஏறியிருக்காவிட்டால் அதை அடி கனத்த வாணலியில் சிறு தீயில் வைத்து மிச்ச வேலையை முடித்துவிடலாம். சூடான பீங்கான் பானையை உடனே குழாயடியிலோ ஈரமான கிரானைட் மேடையிலோ வைத்தால் விரிசல் விடும். அது தானாக ஆறிய பிறகு வெந்நீரும் சமையல் சோடாவும் விட்டு ஓரிரவு ஊறவைத்தால் ஒட்டியது தேங்காய்நாரிலேயே வந்துவிடும்.